ஜெபகுமாரிடமிருந்து ஏழு பாயின்ட்

அன்று காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இருந்தவர்கள்:

ராமராஜன். ஆட்டோ ஓட்டுகிறவர். வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பந்தைக் கூடையில் போட்டதில்லை. அமெரிக்காவில் யார் எத்தனை போட்டார்கள் என்பது மனப்பாடம்.

ஜெபகுமார். கூரியர் கம்பெனியில் வேலை. ஆறடி இரண்டு அங்குலம்.

ஷாரோன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவள். ஐந்தடி மூன்று அங்குலம்.

வீரபத்திரன், அவர் மனைவி பட்டம்மாள். பாவு வேலை செய்கிறவர்கள்.

நான், அருள். இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பேக்டரியில் இரவு ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தேன்.

கிறிஸ்டோபர் இந்தக் கணக்கில் இல்லை. அவர் இருபது நிமிஷம் கழித்து, கையில் ஒரு கிரிக்கெட் ஸ்டம்ப்போடு வந்தார்.

மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. பெரிய காஞ்சிபுரத்தில் மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் அது. சிமென்ட் தளம், இரண்டு கம்பம். ஒன்றில் வளையம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. வளையம் இல்லாத கம்பத்தில் காலை ஆறு மணிக்கே வீரபத்திரன் கயிறு கட்டிவிடுவார். அங்கிருந்து குறுக்கே வேப்பமரம் வரை பாவு நிற்கும். தறியில் ஏறப்போகிற நீளவாட்டு நூல்தான் பாவு. பல ஆயிரம் பட்டு இழைகளை இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, ஒட்டிய இழைகளைப் பிரித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அவர்கள் தெருவில் இதைச் செய்ய முடிவதில்லை. கோயிலுக்கு வருகிற வண்டிகள் விடியும்போதே தெருவை அடைத்துக்கொள்கின்றன. அதனால் தளத்தில் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு.

இதில் ஒரு சட்டம் உண்டு. போட்டது பட்டம்மாள். ஒரு தடவை பந்து பாவில் விழுந்து, அறுந்த இழைகளை முடிந்து சேர்க்க அவர்களுக்கு ஒரு பகல் முழுக்கப் போனது. மறுநாள் அவர் வந்து சொன்னார்: "இனிமே எவன் கைபட்ட பந்து பாவுல வுழுதோ அவன் தோத்தான். நீ எத்தினி போட்டிருந்தாலும் சரி. வூட்டுக்குப் போயிக்கினே இரு." அன்று முதல் அது எங்கள் ஆட்ட விதி. உலகத்தில் வேறு எந்த பாஸ்கெட்பால் தளத்திலும் அப்படி ஒரு விதி இருக்க வாய்ப்பில்லை.

பாதித் தளத்தில் ஐந்துக்கு ஐந்து ஆட முடியாது. ஒண்டிக்கு ஒண்டிதான். மூன்று வருஷமாக ஒண்டிக்கு ஒண்டி மட்டுமே ஆடினால் மூளையும் அப்படியே ஆகிவிடும். எந்த ஆட்டக்காரனைப் பார்த்தாலும் அவன் எதிரே இன்னொருத்தனை நிறுத்தித்தான் பார்க்கத் தோன்றும். பள்ளிக்கூடச் சுவரில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் பதினாறு பேரைச் சாக்பீஸால் எழுதி, இரண்டிரண்டாகக் கோடு போட்டு வைத்திருந்தோம். ஜோர்டனா கோபியா என்பதில் நான்கு நாள் போனது. லெப்ரானா டுரான்டா என்று பேசிய அன்று ராமராஜன் சவாரியை விட்டுவிட்டார். பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஓட்டெடுப்பு கிடையாது. எதிராளி வாயடைத்துப் போனால் அவனுடைய ஆளை அழித்துவிடுவேன். அழிக்கிற வேலை என்னுடையது.

அந்த வாரம் ஷாக்குக்கும் ஐவர்சனுக்கும். ஒருத்தர் ஏழடி ஒரு அங்குலம். இன்னொருத்தர் ஆறடி.

"ஷாக் திரும்பி நிப்பான். முதுகைக் காட்டி ரெண்டு இடி இடிப்பான். உங்க ஐவர்சன் வேப்பமரத்துல போய் ஒட்டிக்குவான்" என்றான் ஜெபகுமார்.

"இடிக்கறதுக்கு ஆளு அங்க இருந்தாத்தானே?" என்றார் ராமராஜன். அவர் என் தோள் உயரம். "பந்தை ஒரு தட்டு, அவ்ளோதான். ஷாக் திரும்பிப் பாக்கறதுக்குள்ள பந்து இன்னொரு தெருவுல இருக்கும்."

"ராமண்ணா, அவன் குறுக்க கையை நீட்டினாலே போதும்."

"கையை நீட்டினா? ஆட்டோவுக்கு முன்னாடி கூடத்தான் கையை நீட்டறான். நிறுத்திடறனா நானு?"

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஆட்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்குமே தவிர, அவனவன் தன் உயரத்துக்குத்தான் வக்காலத்து வாங்குவான்.

மூன்று நாளாகக் காலையில் வந்து எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிற ஷாரோன், அன்று படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பழைய ஷூ. ஓரத்தில் பெவிகால் காய்ந்து தெரிந்தது.

"போட்டவனுக்கே பாலா, வாங்கினவனுக்கு பாலா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

மூன்று பேரும் திரும்பினோம்.

"ஒரு பாயின்ட் போட்ட பிறகு பந்து யாருக்குப் போவுது? போட்டவன் கையிலயே இருக்குதா, இல்ல எதிராளிக்குக் குடுக்கணுமா? மூணு நாளா பேசிக்கினு இருக்கீங்க. அதை முடிவு பண்ணவே இல்லையா?"

ராமராஜன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பதினாறு பேர், அத்தனை கோடு, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"வாங்கினவனுக்குன்னா ஆளுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு, பெரிய ஆளு மெதுவா ஜெயிப்பான். போட்டவனுக்கேன்னா வேற ஆட்டம். பந்து ஒரு தடவை கைக்கு வந்தாப் போதும். திருப்பித் தராத வரைக்கும் எதிராளி எத்தினி அடியா இருந்தா என்னா?" எழுந்து காலை உதறினாள். "ஜெபா, நமக்கு போட்டவங்களுக்கே. பதினொண்ணு வரைக்கும் ஆட்டம். நீ எத்தினி வேணா போடு. எனக்கு ஏழு வேணும்."

"ஏழு எதுக்குக்கா?" என்றான் ஜெபகுமார்.

அப்போதுதான் சொன்னாள். சனிக்கிழமை சென்னையில் ஓர் அரசு நிறுவனத்தின் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு. பெண்கள் பாஸ்கெட்பால், இரண்டே இடம். வயது வரம்பு இருபத்தெட்டு, அவளுக்கு ஜனவரியில் முடிகிறது. நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். கூட்டத்தைக் குறைக்க முதல் சுற்றே ஒண்டிக்கு ஒண்டி, போட்டவங்களுக்கே பால். போன வருஷம் போய்விட்டு வந்த சிநேகிதி சொல்லியிருக்கிறாள். ஷாரோன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவள். ஆனால் மகள் ஏஞ்சல் பிறந்ததிலிருந்து பந்தைத் தொடவில்லை. நான்கு வருஷம்.

"உங்கிட்ட ஏழு எடுத்தேன்னா நாளைக்குப் போறேன். எடுக்கலைன்னா போவலை. அங்க போய் அசிங்கப்படறதுக்கு இங்கியே தெரிஞ்சுக்கறேன்."

ஜெபகுமாரும் அவளும் ஒரே சர்ச். அவன் பாடகர் குழுவில் இருப்பவன். முகம் மாறிவிட்டது. இன்னொருத்தரின் நல்லது கெட்டது தன் கைக்கு வருவது அவனுக்குப் பிடிக்காது.

முதல் பந்து அவனுக்கு விழுந்தது. இரண்டு போட்டான். மூன்றாவது தவறியது, பந்து அவளுக்கு. வளையத்துக்கு நேராக நின்று எறிந்தாள். விளிம்பில் பட்டுத் திரும்பியது. அவன் எடுக்காமல் விட்டான். மறுபடி எறிந்தாள். மறுபடி விளிம்பு. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

ஷாரோன் பந்தைத் தரையில் வைத்து அதன் மேல் ஒரு காலை ஊன்றினாள்.

"என்னாடா, ஆராதனையில நிக்கற மாதிரி நிக்கற? எனக்கு நீ பிச்சை போடறியா?"

"இல்லக்கா..."

"நாளைக்கு அங்க எவளாவது இப்படி நிப்பாளா? கையைத் தூக்கு. இடி. வுழுந்தா நான் எழுந்துக்கறேன். நீ ஒழுங்கா ஆடலைன்னா இந்த ஏழு செல்லாது. எனக்கு மிச்சம் இருக்கற ஒரே வாய்ப்பும் போச்சு. புரியுதா?"

பந்தை அவன் பக்கம் உருட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் ஒழுங்காக ஆடினான். நான் அவனோடு நூறு தடவை ஆடியிருக்கிறேன், பதினொன்றில் ஆறுக்கு மேல் எடுத்ததில்லை. அவன் ஒழுங்காக ஆடினால் எப்படி இருக்கும் என்று தெரியும். முதுகைக் காட்டி இடித்து உள்ளே போய்த் தலைக்கு மேல் வைத்துப் போட்டான். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது தவறியது. அவள் ஒன்று போட்டாள். அடுத்ததை எறியும்போது அவன் மேலேயே பிடித்துவிட்டான். ஆறு.

ஏழாவதுக்கு இடித்தபோது ஷாரோன் உட்கார்ந்தபடி விழுந்தாள். அப்போதுதான் கேட் பக்கம் ஒரு சத்தம்.

"டேய்! கையை எடுறா!"

தலையில் ஹெல்மெட், கையில் ஸ்டம்ப். நேராக வந்தால் குறுக்கே பாவு. பட்டம்மாள் அதைவிடப் பெரிய சத்தம் போட்டார். "யோவ் ஹெல்மெட்டு! கண்ணு இல்ல? சுத்திக்கினு போய்யா!" வந்தவர் சட்டென்று நின்றார். ஸ்டம்ப்பைக் கீழே தாழ்த்திக்கொண்டு, வேப்பமரத்தைச் சுற்றி, பட்டு இழை மீது மூச்சுக்கூடப் படாமல் பக்கவாட்டில் நடந்து வந்தார். வந்து சேர்ந்ததும் மறுபடி ஸ்டம்ப்பைத் தூக்கினார்.

கிறிஸ்டோபர். ஷாரோனின் கணவருக்கு அண்ணன். கணவர் சத்யராஜ் குவைத்தில் இருக்கிறார்.

"மாமா?" என்றாள் ஷாரோன், தரையிலிருந்து.

"யாரு இவன்? எதுக்கு உன்னை அடிக்கறான்?"

"யாரும் அடிக்கல. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நேத்து சாயங்காலம் போன்ல பேசிக்கினு இருந்தியே, நான் கேட்டேனே. நாளைக்குக் காலையில ஏழு மணி, கிரவுண்டுக்கு வந்துடு, ஒண்டிக்கு ஒண்டி, வேற எவனும் குறுக்க வரக் கூடாதுன்னு. கேட்டுட்டு எனக்குத் தூக்கமே இல்ல."

முதலில் ராமராஜன் சிரித்தார். பிறகு வீரபத்திரன், கையில் கஞ்சி தெளிக்கிற நார்க் குச்சத்தோடு. கிறிஸ்டோபருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது. இந்த ஊரில் ஒண்டிக்கு ஒண்டி என்று சொன்னால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். பந்தோடு வருகிறவர்கள் நாங்கள் நாலு பேர்தான்.

"ஆட்டத்துக்குப் பேருங்க அது. ஒருத்தருக்கு ஒருத்தர்" என்றேன்.

"ஆட்டமா?" ஹெல்மெட்டைக் கழற்றினார். வியர்த்திருந்தது. "அப்புறம் நான் ஸ்டம்பை எடுத்துக்கினு..."

"என்னைக் காப்பாத்தவா மாமா வந்தீங்க?"

"உன்னையா?" அவர் ஜெபகுமாரை மேலும் கீழும் பார்த்தார். "உன்னை எனக்குத் தெரியாதா? எவனோ மாட்டிக்கினான், கேஸு ஆயிடப் போவுதுன்னுதான் ஓடியாந்தேன்."

தேர்வைப் பற்றி அவருக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஷாரோன் நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

"ஏன் சொல்லலை?"

"இவன்கிட்ட ஏழு எடுக்க முடியலைன்னா யார்கிட்டயும் சொல்லவே வேணாம்னு இருந்தேன்."

"இப்ப எத்தினி?"

"ஒண்ணு."

"அவன்?"

"ஆறு."

அவர் கொஞ்ச நேரம் கூடையைப் பார்த்தார், ஜெபகுமாரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பாஸ்கெட்பால் பற்றி ஒன்றுமே தெரியாத மனிதர். "இவன் கையைத் தூக்கினாலே பாதி தூரம் போயிடுது. நீ எங்கேர்ந்து போடுவ? இதுல என்னா நியாயம்?" என்றார்.

மூன்று நாளாக நாங்கள் பேசியது அதுதான். ராமராஜன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அமெரிக்காவுல அஞ்சடி மூணு அங்குலத்துல ஒருத்தர் ஆடியிருக்காரு சார். போக்ஸுன்னு பேரு. இவ்ளோதான் இருப்பாரு, இந்தப் பொண்ணு உயரம்."

"அவரு இந்த மாதிரி ஆளுங்களோட ஒண்டிக்கு ஒண்டி ஆடினாரா?"

ராமராஜன் யோசித்தார். "அதுதான் சார் யாருக்கும் தெரியல."

கிறிஸ்டோபர் ஸ்டம்ப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். "சரி. எடு அந்த ஏழு பாயின்ட்டை."

எடுக்க முடியவில்லை. ஏழு அவனுக்குத்தான் ஆனது. எட்டு. ஒன்பது. அவன் இன்னும் இரண்டு போட்டால் ஆட்டம் முடிந்தது. ஷாரோனுக்கு ஒன்று. மூச்சு வாங்கியது. கைகளை முட்டியில் ஊன்றிக் குனிந்து நின்றாள். கிறிஸ்டோபர் வேறு பக்கம் பார்த்தார். எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று இருந்தது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஓர் ஆள் நின்றுபோவதை நான் கண்ணாடியில் பார்த்தாயிற்று. இன்னொன்று பார்க்க வேண்டியதில்லை.

அவன் பத்தாவதைத் தவறவிட்டான். பந்து அவளுக்கு வந்தது. பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி எறிந்தாள். ஜெபகுமார் எகிறி, முழுக் கையால் அறைந்தான்.

பந்து எங்கள் தலைக்கு மேல் போனது. தளத்தின் நடுக்கோட்டில் ஒரு தடவை குத்தியது. நேராகப் பாவை நோக்கி.

அந்த நேரத்தில் விதி எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கடைசியாகப் பட்டது ஜெபகுமாரின் கை. பந்து பாவில் விழுந்தால் அவன் தோற்றான், ஒன்பதுக்கு ஒன்றாக இருந்தாலும். ஷாரோன் ஒன்றும் செய்ய வேண்டாம். நின்றாலே போதும். பட்டம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாவுக்கு முன்னால் ஓடி வந்தார். ஆனால் அவர் மரத்துப் பக்கம் இருந்தார். எட்டாது.

ஷாரோன் ஓடினாள். எப்போது திரும்பினாள் என்று நான் பார்க்கவில்லை. பந்து இரண்டாம் முறை குத்தி எழும்பும்போது அவள் தரையோடு தரையாகப் போனாள். சிமென்டில் முட்டி தேய்கிற சத்தம் கேட்டது. கையை நீட்டிப் பந்தை வயிற்றோடு இழுத்துக்கொண்டு உருண்டு நின்றாள். அவள் தலைக்கும் அரக்குச் சிவப்பு இழைகளுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. பாவு அசையவில்லை.

வீரபத்திரன் கையிலிருந்த குச்சத்திலிருந்து கஞ்சி சொட்டியது.

அவள் எழுந்தாள். முட்டியில் பேன்ட் கிழிந்து இரத்தம். பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். "எங்கிட்டதானே பால்?" என்றாள் என்னிடம்.

"உங்கிட்டதான்."

இனி நடந்ததைச் சொல்ல எனக்குச் சரியான வார்த்தை கிடையாது. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அவள் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றாள். கூடையைப் பார்க்கவில்லை. ஜெபகுமாரின் முகத்தையும் பார்க்கவில்லை. அவனுடைய இடது காலைப் பார்த்தாள். ஒன்பது பாயின்ட் வாங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் இடது காலை முன்னே வைத்து நிற்பவன். நூறு தடவை ஆடிய எனக்கு அது தெரியாது. அவள் அந்தக் கால் மீதே ஏறப்போகிற மாதிரி ஒரு எட்டு வைத்தாள். அவன் இடுப்பைத் திருப்ப வேண்டியிருந்தது. ஆறடி இரண்டு அங்குலமும் திரும்பி முடிவதற்குள் அவள் ஒரு எட்டு பின்னால் வந்துவிட்டாள். எறிந்தாள். விளிம்பு தொடாமல் விழுந்தது. இரண்டு.

அதே கால். இந்த முறை பின்னால் வருவாள் என்று அவன் முன்னே பாய்ந்தான். அவள் வரவில்லை. அவனுடைய கைக்குக் கீழே புகுந்து போய்க் கூடைக்குப் பின்னால் இருக்கிற பலகையில் பட வைத்துப் போட்டாள். மூன்று.

அவன் காலை மாற்றி வைத்தான். அவள் அதற்காகவே காத்திருந்த மாதிரி மறுபக்கம் போனாள். நான்கு.

பந்து அவள் கையில் இருந்தது, போட்டாள், மறுபடி அவள் கையில் இருந்தது. ஜெபகுமாருக்குப் பந்தே கிடைக்கவில்லை. அவன் மோசமாக ஆடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவன் முன்பைவிட வேகமாக, முன்பைவிட உயரமாக எகிறினான். ஐந்தாவதுக்கு அவனுடைய விரல் பந்துக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தது. அந்த ஓர் அங்குலத்தை அவள் எப்படியோ கணக்குப் பண்ணியிருந்தாள். கடையில் மடித்த சேலையை ஒரே சுண்டலில் முந்தி வரைக்கும் விரித்துப் போடுவார்களே, மணிக்கட்டின் அந்த அசைவுதான். அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அவ்வளவு சாதாரணமாக இருந்ததுதான் என்னை மிரள வைத்தது.

மூன்று வருஷமாகக் கம்பெனி பஸ்ஸில் கண் எரிய எரிய அமெரிக்க ஆட்டம் பார்க்கிறவன் நான். அதெல்லாம் உள்ளங்கை அளவு திரையில். அழகாக இருக்கும், தூரமாக இருக்கும். இது பத்தடியில் நடந்தது. அவள் மூச்சு கேட்டது. ஷூ தேயும் வாடை வந்தது. பெரிதாக எதையாவது பார்த்தால் கண் கலங்கும் என்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. பின்கழுத்து குளிர்ந்தது. இந்த ஊரில் பத்துத் தெரு தள்ளி இப்படி ஒன்று நான்கு வருஷமாகச் சேலை மடித்துக்கொண்டிருந்திருக்கிறது, இங்கே சுவரில் நாங்கள் வேறு தேசத்து ஆட்கள் பெயரை எழுதி அழித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆறாவதற்கு வீரபத்திரன் பாவை விட்டுவிட்டு வந்து கோட்டில் நின்றார். "யோவ், கஞ்சி காயுது!" என்று கத்திய பட்டம்மாளும் கத்தி முடித்துவிட்டு அங்கேயேதான் நின்றார்.

கடைசிப் பந்து. ஜெபகுமார் இரண்டு காலையும் ஒரே கோட்டில் வைத்துக் குனிந்து நின்றான். எந்தக் காலும் முன்னால் இல்லை. நல்ல யோசனை. ஷாரோன் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று நொடி. எதுவும் செய்யவில்லை. அப்படியே எவனாலும் நிற்க முடியாது. அவனுடைய வலது குதிகால் தரையிலிருந்து ஒரு நூல் எழும்பியது. அவ்வளவுதான். அவள் எகிறிவிட்டாள். அவன் எகிறும்போது பந்து ஏற்கெனவே அவனைத் தாண்டியிருந்தது.

ஏழு.

அவள் பந்தைப் போய் எடுத்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ கயிறை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"என்னாக்கா? ஆட்டம் முடியல" என்றான் ஜெபகுமார்.

"ஏழு கேட்டேன். ஏழு ஆச்சு. ஒன்பதரைக்குக் கடையில இருக்கணும்."

"எனக்கு ஒம்போது. இன்னும் ரெண்டு போட்டா நான் ஜெயிச்சேன்."

"பந்து யார்கிட்ட இருக்குது?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான். நல்ல பையன்.

ராமராஜனுக்கு மட்டும் தாங்கவில்லை. "இரும்மா, ஒரு கேள்வி. அந்தப் பந்தைப் பாவுல வுழ வுட்டிருந்தா நீ அப்பவே ஜெயிச்சிருப்ப. சட்டம் அது. முட்டியைக் கிழிச்சுக்கினு எதுக்குப் போய்ப் புடிச்ச?"

"ஜெயிச்சு?" ஈரத் துணியால் முட்டியை ஒற்றிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு அங்க பாவு நீட்டியிருப்பாங்களா?"

ராமராஜன் வாயடைத்துப் போனார். நான் பார்த்து அவர் வாயடைத்தது அந்த ஒரு தடவைதான்.

கிறிஸ்டோபர் எழுந்தார். அவர் முகத்தில் இன்னும் குழப்பம்தான் அதிகம். ஆனால் ஸ்டம்ப்பை வேப்பமரத்தில் சாத்திவிட்டிருந்தார். "நாளைக்கு எத்தினி மணிக்கு உள்ள இருக்கணும்?"

"எட்டரை."

"பஸ்ஸு வேணாம். அஞ்சரைக்குக் கார் சொல்றேன். ஏஞ்சலை அம்மா பாத்துக்கும். நான் சொல்லிக்கறேன்." கொஞ்சம் நடந்து திரும்பி வந்தார். "ஷாரோன், நாளைக்கு வர்றவங்க எல்லாம் இவன் மாதிரி இருப்பாங்களா?"

"தெரியாது மாமா. இவனைவிடக் குள்ளமா இருப்பாங்க. இவனைவிட நல்லா ஆடுவாங்க."

மறுநாள் எனக்கு வார ஓய்வு. நானும் போனேன். ஏன் போனேன் என்று யாரும் கேட்கவில்லை. ஜெபகுமாருக்கு டெலிவரி இருந்தது. நாங்கள் வண்டியில் ஏறும்போது ராமராஜன் வந்து, ஒரு காகிதத்தில் பத்து யோசனை எழுதிக் கொடுத்தார். ஷாரோன் அதை வாங்கி, படித்து, மடித்து, அவரிடமே கொடுத்துவிட்டு, "வந்து கேக்கறேண்ணா" என்றாள்.

வழி முழுக்க கிறிஸ்டோபர் பின்பக்கம் திரும்பி என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். அந்த ஷாக் என்கிற ஆளின் எடை எவ்வளவு. அந்த ஐவர்சன் இடது கைக்காரரா. "போட்டவனுக்கே பாலுன்னா ஐவர்சன். வாங்கினவனுக்குன்னா ஷாக்கு. சரியா?" நான் சரி என்றேன். "அப்போ அந்தச் சுவத்துல ரெண்டு பேரையும் அழிக்காம வையிப்பா." ஷாரோன் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். உண்மையான தூக்கம், வாய் திறந்து.

ஸ்டேடியத்தின் பக்கவாட்டில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதன் முன்னால் ஐம்பது பெண்கள். நான் எண்ணினேன். பாதிப்பேர் ஜெபகுமாரின் காது உயரம் இருப்பார்கள். புது ஷூ, மாநில அணி ஜெர்ஸி, பயிற்சியாளர்கள், தண்ணீர்ப் பெட்டிகள். இரண்டு பெண்கள் குனியாமல் அந்தக் கதவில் நுழைய முடியாது. கிறிஸ்டோபர் அவர்களை அண்ணாந்து பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஐம்பது பேரில் குள்ளமானவள் அவள்தான். முட்டியில் புதுக் கட்டு.

எட்டு இருபதுக்கு ஒருவர் அட்டையைப் பார்த்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். கூட வந்தவர்கள் யாருக்கும் அனுமதி இல்லை, பயிற்சியாளர்களுக்கும்தான், முடிகிற வரைக்கும் கதவு திறக்காது என்றார். ஒரு தகப்பனார் சண்டைக்குப் போனார். எடுபடவில்லை.

ஷாரோனின் பெயர் முப்பத்தெட்டாவது. வளையலையும் போனையும் கிறிஸ்டோபரிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளிவிட்டு, பழைய ஷூவை மாட்டிக்கொண்டாள்.

"பசிச்சா சாப்ட்டுடுங்க. எனக்காக உக்காந்துக்கினு இருக்காதீங்க" என்றாள்.

"சாப்புடறது கிடக்கட்டும். நீ..." என்று ஆரம்பித்தார் கிறிஸ்டோபர்.

"போறேன் மாமா."

போனாள். உள்ளே இருட்டாக இருந்தது. தூரத்தில் மரத் தளத்தின் மேல் வெளிச்சமும், பந்துகள் குத்துகிற சத்தமும். ஒன்றிரண்டு இல்லை, இருபது முப்பது பந்துகள், மழை மாதிரி. அவள் அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தாள். நடையில் அவசரம் இல்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் பன்னிரண்டு பேர் போனார்கள். கடைசிப் பெண் நுழைந்ததும் காவலாளி கதவை இழுத்துச் சாத்தினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. தாழ்ப்பாளைப் போட்டார். பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.